நீளக் குழலா, குட்டைக் குழலா?

துப்பாக்கி என்றாலே உத்திரமேரூர்ப் பக்கத்துப் பெரியவர்களுக்கு நீளம்தான் ஞாபகத்துக்கு வரும். உத்திரமேரூர், வேடந்தாங்கல், மதுராந்தகம் என்று ஏரிகள் நிறைந்த வட்டாரம் அது. ஒரு காலத்தில் ஏரிக்கரையோரம் நரிக்குறவர்கள் தோளில் சாத்திக்கொண்டு போன நாட்டுத் துப்பாக்கி ஆள் உயரத்துக்கு இருக்கும் என்று அவர்கள் சொல்வார்கள். முன்வாய் வழியாகக் கருமருந்தும் ரவையும் போட்டுக் கெட்டித்துச் சுடுகிற துப்பாக்கி. கருமருந்து மெதுவாக எரியும். அது எரிந்து ரவையைத் தள்ளி முடிக்க நீளமான குழல் தேவைப்பட்டது. அதனால் ‘குழல் நீளமானால் குறி தப்பாது’ என்ற எண்ணம் மனதில் பதிந்துவிட்டது.

அந்த எண்ணத்தோடு வளர்ந்தவன்தான் இந்தக் கட்டுரையில் வரும் மாணவன். உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமம், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, வயது 19. அப்பாவுக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். 2022 ஜூலையில் திருச்சியில் நடந்த மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டிக்கு நடிகர் அஜித்குமார் வந்தபோது, அவரைப் பார்க்கக் கூட்டம் அலைமோதிய செய்தி எல்லாத் தொலைக்காட்சியிலும் ஓடியது. இவனும் அதைப் பார்த்தான். மற்ற பையன்கள் அஜித்தைப் பார்த்தார்கள், இவன் அவர் கையில் இருந்த பிஸ்டலைப் பார்த்தான்! பிறகு இணையத்தில் தேடித் தேடி ‘பிராக்டிகல் ஷூட்டிங்’ என்ற விளையாட்டில் போய் நின்றான். அன்றிலிருந்து அவன் மண்டையைக் குடைந்த கேள்வி ஒன்றே ஒன்று. பிஸ்டல் வாங்கினால் எத்தனை அங்குலக் குழல் வாங்குவது?

கேட்கச் சின்னக் கேள்விதான். ஆனால் பதிலைத் தேடிப் போனால் பௌதிகம், போட்டி விதி, நாட்டின் சட்டம், வீட்டுக் கணக்கு என்று நாலு வாசல் வழியாகப் போய்வர வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், அது என்ன விளையாட்டு?

ஒலிம்பிக்கில் காட்டும் துப்பாக்கி சுடுதலில் வீரர் ஒரே இடத்தில் சிலை மாதிரி நின்று, ஒரு கையால் பிஸ்டலை நீட்டி, வட்டத்தின் நடுவைச் சுடுவார். பிராக்டிகல் ஷூட்டிங் அதற்கு நேர் எதிர். இடுப்பு உறையிலிருந்து பிஸ்டலை உருவி, ஓடி, குனிந்து, தடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, தூரத்திலும் பக்கத்திலும் இருக்கிற அட்டைகளையும் இரும்புத் தட்டுகளையும் சுட வேண்டும். இரண்டு கையாலும் பிடிக்கலாம். இதற்கான உலக அமைப்பு ஐ.பி.எஸ்.சி. 1976-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் கொலம்பியா நகரில் தொடங்கப்பட்டது. முதல் தலைவர் ஜெஃப் கூப்பர். அதன் முத்திரைச் சொற்கள் லத்தீனில் மூன்று. அவற்றின் பொருள் துல்லியம், ஆற்றல், வேகம்.

அந்த மூன்று சொற்களையும் ஒரே கணக்கில் கட்டிவைத்திருப்பதுதான் இந்த விளையாட்டின் அழகு. வாங்கிய புள்ளியை எடுத்துக்கொண்ட விநாடியால் வகுப்பார்கள். வருகிற எண் யாருக்கு அதிகமோ அவர் வெற்றி. அட்டையின் நடுப்பகுதிக்கு 5 புள்ளி. அதற்கு வெளியே பட்டால், தோட்டா சாதாரண ஆற்றல் உள்ளதாக இருந்தால், 3. இன்னும் வெளியே போனால் 1.

ஓர் உதாரணம். 12 குண்டு, முழுப் புள்ளி 60. ஒருவர் நிதானமாகச் சுட்டு 58 புள்ளி வாங்குகிறார், ஆனது 10 விநாடி. அவர் கணக்கு 5.8. இன்னொருவர் மூன்று குண்டை வெளி வட்டத்தில் விட்டு 54 புள்ளிதான் வாங்குகிறார், ஆனால் 9 விநாடியில் முடித்துவிட்டார். அவர் கணக்கு 6.0. ஜெயித்தவர் இரண்டாமவர்! அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சுட்டுத் தள்ளினாலும் ஆகாது. துல்லியத்தை விட்டுக்கொடுத்து எவ்வளவு வேகம் வாங்கலாம், வேகத்தை விட்டுக்கொடுத்து எவ்வளவு துல்லியம் வாங்கலாம் என்ற பேரம் ஒவ்வொரு குண்டிலும் நடக்கிறது. குழல் நீளமும் அந்தப் பேரத்தில் ஒரு பண்டம்தான்.

நீளம் எதைத் தருகிறது?

பலரும் நினைப்பது போல நீளக் குழல் தானாகக் குறி பார்த்துவிடாது. நல்ல பிஸ்டல் ஒன்றை இரும்பு வைஸில் இறுக்கிப் பிடித்துச் சுட்டால், 4 அங்குலக் குழலும் 5 அங்குலக் குழலும் இந்த விளையாட்டுக்குத் தேவையானதைவிட நெருக்கமாகவே குண்டுகளைப் போடும். நீளம் தருவது வேறு மூன்று விஷயம்.

ஒன்று, குண்டின் வேகம். நாட்டுத் துப்பாக்கி விஷயத்தில் பெரியவர்கள் சொன்னதில் இவ்வளவு உண்மை இருக்கத்தான் செய்கிறது. குழலுக்குள் வாயு தள்ளுகிற தூரம் கூடினால் வேகம் கூடும். ஆனால் பிஸ்டல் தோட்டாவின் மருந்து சீக்கிரம் எரிந்துவிடுவதால், லாபம் கொஞ்சம்தான். இந்தப் போட்டியில் வேகத்துக்கு ஒரு காரணம் உண்டு. குண்டின் எடையை (கிரெய்னில்) வேகத்தால் (விநாடிக்கு எத்தனை அடி) பெருக்கி 1000-ஆல் வகுப்பார்கள். இதற்கு ‘பவர் ஃபேக்டர்’ என்று பெயர். குறைந்தபட்சம் 125 வர வேண்டும். 124 கிரெய்ன் குண்டு 5 அங்குலக் குழலில் 1050 அடி வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 130. அதே தோட்டா 4 அங்குலக் குழலில் 40 அடி வேகம் குறைந்து போனால் 125.2. தேறிவிட்டது. ஆனால் மயிரிழையில்! போட்டியன்று வேகம் அளக்கும் கருவி இன்னும் நாலைந்து அடி குறைத்துக் காட்டினால், அதற்குப் பிறகு அவர் சுடலாம், ஆனால் புள்ளி கிடையாது. அத்தனை நாள் பயிற்சியும் வீண்.

இரண்டு, முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே உள்ள தூரம். இதுதான் ‘நீளம் = குறி’ என்ற நம்பிக்கையின் உண்மையான வேர். முக்கோணக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது எளிது. கிளாக் 17 பிஸ்டலில் இந்தத் தூரம் 165 மி.மீ. கொஞ்சம் நீளமான கிளாக் 34-ல் சுமார் 192 மி.மீ. கை நடுங்கி முன் சைட் 1 மி.மீ. விலகிப் போனால், 10 மீட்டர் தூரத்தில் குண்டு முதல் பிஸ்டலில் 61 மி.மீ. விலகும், இரண்டாவதில் 52 மி.மீ. அட்டையின் 5 புள்ளிப் பகுதி சுமார் 15 செ.மீ. அகலம், அதாவது நடுவிலிருந்து 75 மி.மீ. இரண்டுமே உள்ளேதான். ஒரு வித்தியாசமும் இல்லை. 25 மீட்டருக்குப் போனால் கதை மாறுகிறது. அங்கே அரை மி.மீ. பிசகினாலே ஒன்று 76 மி.மீ. விலகிக் கோட்டை உரசுகிறது, மற்றது 65 மி.மீ.யில் உள்ளே நிற்கிறது. ஆக, நீளத்தின் லாபம் தூரத்தில்தான் தெரியும், பக்கத்தில் தெரியாது. இன்னொன்றும் உண்டு. சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடி சைட் பொருத்திவிட்டால் முன் சைட், பின் சைட் என்ற பேச்சே இல்லை. அப்போது இந்த இரண்டாவது லாபம் அப்படியே காணாமல் போய்விடும்!

மூன்று, முனையில் எடை. முனை கனமாக இருந்தால் சுடும்போது பிஸ்டல் அவ்வளவாக மேலே எகிறாது. அடுத்த குண்டுக்குச் சீக்கிரம் குறிக்குத் திரும்பும். ஆனால் அதே எடைதான் ஓர் அட்டையிலிருந்து அடுத்த அட்டைக்குத் திருப்பும்போது சோம்பலாக நகரும், நிறுத்த நினைத்த இடத்தைத் தாண்டியும் போகும். நீளமான கழியின் நுனியில் குடத்தைக் கட்டிச் சுழற்றினால் எப்படி இருக்குமோ அப்படி. உறையிலிருந்து உருவும்போதும் அந்த இரண்டு சென்டிமீட்டர் அதிகமாக மேலே தூக்க வேண்டும்.

இந்த லாபத்தையும் நஷ்டத்தையும் மேலே சொன்ன கணக்கில் போட்டுப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரிகிறது. ஒருவர் விநாடிக்கு 6 புள்ளி என்ற கணக்கில் சுடுகிறார். நீளக் குழலால் ஒரே ஒரு குண்டு வெளி வட்டத்திலிருந்து உள்ளே வந்தது என்றால் லாபம் 2 புள்ளி. ஆனால் எட்டு முறை அட்டை மாற்றும்போது தலா 0.05 விநாடி தாமதம் என்றால் மொத்தம் 0.4 விநாடி, அதாவது 2.4 புள்ளி நஷ்டம். கண் சிமிட்டுகிற நேரத்தைவிடக் குறைவான தாமதம் மொத்த லாபத்தையும் தின்றுவிட்டது! பக்கத்து அட்டைகள் நிறைந்த களத்தில் குட்டைக் குழல் ஜெயிக்கும். தூர அட்டைகள் நிறைந்த களத்தில் நீளக் குழல் ஜெயிக்கும். எல்லாக் களத்திலும் ஜெயிக்கிற நீளம் என்று ஒன்று கிடையாது.

பெட்டிக்குள் அடங்க வேண்டும்

‘அப்படியானால் களத்துக்கு ஒரு பிஸ்டல் வைத்துக்கொண்டால் போயிற்று’ என்று தோன்றலாம். முடியாது. ஒரு போட்டி முழுவதையும் ஒரே பிஸ்டலில் சுட வேண்டும். தவிர, பிரிவுக்கு ஒரு விதி இருக்கிறது. ‘புரொடக்‌ஷன்’ பிரிவில் குழல் 127 மி.மீ.க்கு, அதாவது 5 அங்குலத்துக்கு, மேல் போகக் கூடாது. ‘ஸ்டாண்டர்ட்’ பிரிவில் வேறு முறை. 225 மி.மீ. நீளம், 150 மி.மீ. உயரம், 45 மி.மீ. அகலம் உள்ள பெட்டிக்குள் பிஸ்டல் அடங்க வேண்டும். ‘ஓப்பன்’ பிரிவில் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

விதி வந்தால் தொழிற்சாலையும் அதற்குத் தகுந்தபடி வளையும். கிளாக் கம்பெனி 1988-ல் 153 மி.மீ. குழலோடு 17எல் என்ற நீளப் பிஸ்டலைக் கொண்டுவந்தது. அது அந்தப் பெட்டிக்குள் போகவில்லை. பத்து வருஷம் கழித்து 1998-ல் 135 மி.மீ. குழலோடு 34 என்ற மாடல் வந்தது. இது பெட்டிக்குள் போகும். முனை கனத்துவிடாமல் இருக்க மேல்பக்கத்தில் ஒரு பள்ளத்தையே வெட்டி எடுத்திருந்தார்கள். ஆனால் அதே 34, புரொடக்‌ஷன் பிரிவின் 127 மி.மீ. எல்லையைத் தாண்டிவிட்டதால் அங்கே செல்லாது. அந்தப் பிரிவில் இன்று நிறையப் பேர் கையில் இருக்கும் சி.இசட். ஷேடோ 2-வின் குழல் சுமார் 120 மி.மீ.தான். அனுமதித்த எல்லை வரைகூட அவர்கள் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். நீளத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, கனமான இரும்புச் சட்டத்தில் எடையைத் தேடிக்கொண்டார்கள்.

விதியை எல்லோருக்கும் தெரியும்படி முதலிலேயே எழுதி வைத்துவிட்டுப் பிறகு போட்டியை நடத்துவது உத்திரமேரூர்க்காரர்களுக்குப் புதிதா என்ன? வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தது. குடவோலையில் பெயர் எழுத யாருக்குத் தகுதி என்று அதில் வரிசையாகச் சொல்லியிருக்கிறது. வயது 35-க்குக் கீழேயும் கூடாது, 70-க்கு மேலேயும் கூடாது. கால் வேலிக்கு மேல் நிலம் வேண்டும். கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது. நல்லவரா, வல்லவரா என்ற பேச்சு அதற்கு அப்புறம்தான். முதலில் தகுதி, பிறகு திறமை. பிஸ்டலுக்கும் அதே நியாயம். எந்தப் பிரிவு என்று தெரியாமல் நீளத்தைத் தேர்ந்தெடுப்பது, தகுதி பார்க்காமல் ஓலை எழுதிக் குடத்தில் போடுவது மாதிரி.

சட்டம் குறுக்கே நிற்கிறது

இவ்வளவையும் படித்து, நோட்டுப் புத்தகத்தில் மி.மீ. மி.மீ.யாக எழுதி வைத்துக்கொண்டு, அந்த மாணவன் தன் மாமாவிடம் போனான். மாமா காவல்துறை ஆயுதப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். பணியில் இருந்த காலத்தில் 9 மி.மீ. பிஸ்டலில் சுட்டுப் பழகிய கை. நோட்டை வாங்கிப் புரட்டினார்.

“எல்லாம் நல்லாத்தான்டா எழுதியிருக்கே. இந்த 9 எம்எம்மை எங்க போய் வாங்குவே?”

“லைசென்ஸ் போட்டா கிடைக்காதா மாமா?”

“கலெக்டர் ஆபீஸ்ல அப்ளிகேஷன் குடுக்கலாம். முதல்ல உனக்கு 21 ஆவணும். ஆனா 9 எம்எம் தடை செஞ்ச போர்டா. போலீஸு, மிலிட்டரிக்குத்தான். உனக்கு .32 தான் குடுப்பான்.”

மாமா சொன்னதுதான் இந்தியாவின் நிலைமை. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டமும் 2016-ம் வருஷத்து ஆயுத விதிகளும் துப்பாக்கிகளைத் தடை செய்யப்பட்ட போர், தடை இல்லாத போர் என்று பிரிக்கின்றன. உலகம் முழுக்க பிராக்டிகல் ஷூட்டிங்கில் அதிகம் புழங்கும் 9 மி.மீ. தோட்டா தடை செய்யப்பட்ட பக்கத்தில் இருக்கிறது. சாதாரணக் குடிமகன் லைசென்ஸ் எடுத்து வாங்கக்கூடிய .32 பிஸ்டலைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். குண்டு 71 கிரெய்ன், வேகம் சுமார் 900 அடி. பெருக்கினால் 64. வேண்டியதோ 125! பாதிதான் வருகிறது. குழலை எவ்வளவு நீட்டினாலும் அந்த இடைவெளியை அடைக்க முடியாது. 2019-ல் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் தகுதிக்கேற்பத் தனிச் சலுகை உண்டு.

ஓடிக்கொண்டும் மறைந்துகொண்டும் பிஸ்டல் சுடுகிற பயிற்சி தமிழ்நாட்டில் இல்லாமல் இல்லை. செங்கல்பட்டு மாவட்டம் ஒத்திவாக்கத்தில் காவல்துறையின் பெரிய சுடுதளம் இருக்கிறது. ஆனால் அது சீருடை போட்டவர்களுக்கு. கல்லூரி மாணவனுக்கு அந்த வாசல் திறக்காது. தேர்வு எழுதிக் காவல்துறையிலோ ராணுவத்திலோ சேர்ந்தால் திறக்கும். அது வேறு வாழ்க்கை.

மாணவனுக்கு முகம் தொங்கிப் போயிற்று. ஒரு வருஷமாகக் கட்டிய கோட்டை. மாமா விடவில்லை.

“குழலு எவ்ளோ நீளம்னு கேக்கறதுக்கு முன்னாடி, எந்த ஆட்டம் ஆடப் போறேன்னு கேளுடா. உனக்கு ஆடக் கிடைக்கிற ஆட்டம் எது?”

கிடைக்கிற ஆட்டம்

குடிமக்களுக்கு இங்கே திறந்திருப்பது ஒலிம்பிக் வழிப் போட்டிகள். வேகத்தை விரும்புகிறவர்களுக்கு அதில் ஓர் ஆட்டம் இருக்கிறது: 25 மீட்டர் ரேபிட் ஃபயர். பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் ஐந்து டார்கெட்டுகளை ஐந்து குண்டால் சுட வேண்டும். முதலில் 8 விநாடி தருவார்கள், பிறகு 6, கடைசியில் 4. கையைத் தாழ்த்தி வைத்திருந்து, விளக்கு எரிந்ததும் தூக்கிச் சுட வேண்டும். ஓடுவது மட்டும்தான் இல்லை, மற்றபடி அட்டை மாற்றும் வித்தை முழுவதும் இதில் இருக்கிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இமாச்சலப் பிரதேசத்தைச் சேர்ந்த ராணுவ வீரர் விஜய் குமார் வெள்ளி வாங்கியது இந்தப் போட்டியில்தான். இதற்குத் தோட்டா .22. உலகச் சங்கத்தின் விதிப்படி குழல் 153 மி.மீ.க்கு மேல் கூடாது. முன், பின் சைட்டுக்கு இடையே 220 மி.மீ.க்கு மேல் கூடாது. பெட்டியும் உண்டு: 300 x 150 x 50 மி.மீ. ஆட்டம் மாறினாலும் பெட்டி மாறவில்லை, அளவுதான் மாறியது!

ஆனால் .22 பிஸ்டலுக்கும் லைசென்ஸ் வேண்டும், அதற்கு 21 வயதாக வேண்டும். அதுவரை? 10 மீட்டர் ஏர் பிஸ்டல். 0.177 அளவும் 20 ஜூலுக்குக் குறைவான ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. போட்டிக்கான ஏர் பிஸ்டல் அரை கிராம் குண்டை விநாடிக்குச் சுமார் 150 மீட்டர் வேகத்தில் விடுகிறது. அதாவது 6 ஜூல்கூட வராது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் தனியாகவும், சரப்ஜோத் சிங்குடன் ஜோடியாகவும் வெண்கலம் வாங்கியது இந்த ஆட்டத்தில்தான்.

வேடிக்கை என்னவென்றால், மாணவன் கைவிட்ட குழல் கேள்வி இங்கேயும் வந்து நின்றது. மோரினி, பார்டினி போன்ற கம்பெனிகள் ஏர் பிஸ்டலை இரண்டு நீளத்தில் விற்கின்றன. வழக்கமான நீளம் ஒன்று, குட்டை ஒன்று. விதி இரண்டுக்கும் இடம் தருகிறது. பெட்டி 420 x 200 x 50 மி.மீ., எடை 1500 கிராமுக்குள், ட்ரிக்கர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். இந்த முறை கேள்வி கனவில் இல்லை, கையில்!

குட்டைக் குழலில் குண்டு சீக்கிரம் வெளியே போய்விடும். மெதுவாகப் போகிற குண்டு அது. குழலுக்குள் இருக்கும் அந்த ஆயிரத்தில் சில பங்கு விநாடியில் கை அசைந்தால் குறி கெடும். முனை எடையும் குறைவு, மெலிந்த கைக்குத் தோள் வலி மிச்சம். நீளக் குழலில் சைட்டுகள் தள்ளி இருப்பதால் பிசகு பெரிதாகக் கண்ணில் படும், திருத்திக்கொள்ளலாம். கணக்கும் அதையே சொல்கிறது. டார்கெட்டில் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. குண்டின் ஓரம் கோட்டைத் தொட்டாலே போதும் என்பதால், குண்டின் மையம் 8 மி.மீ. வரை விலகலாம். சைட்டுகளுக்கு இடையே 340 மி.மீ. இருந்தால், கால் மி.மீ. பிசகு 7.4 மி.மீ. விலகலைத் தரும். 10 புள்ளி. 300 மி.மீ. இருந்தால் அதே பிசகு 8.3 மி.மீ. 9 புள்ளி. கால் மி.மீ. என்பது இரண்டரைத் தாள் கனம்!

வீட்டுக் கணக்கு

இறக்குமதியான போட்டி ஏர் பிஸ்டல் ஒரு லட்ச ரூபாய்க்கு மேல். மாணவனின் அப்பா நெல் விற்ற காசை எடுத்துத் தரத் தயாராகத்தான் இருந்தார். “படிப்புக்குச் செலவு பண்ணலியா, அது மாதிரிதான்” என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான் பையனை உறுத்தியது. ஏரி நிரம்பாத வருஷம் எப்படி இருக்கும் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தப்பான நீளத்தை வாங்கிவிட்டால் மாற்றித் தரக் கடைக்காரன் காத்திருக்க மாட்டான். 40 மி.மீ. வித்தியாசத்தில் ஒரு போகத்து உழைப்பு தொங்கிக்கொண்டிருந்தது.

மாமாதான் ஒரு வழி சொன்னார். ஆறு மாசம் எதையும் வாங்காதே. சென்னையில் கிளப்பில் சேர்ந்து அங்கே இருக்கிற பிஸ்டலில் சுடு. வீட்டில் வெள்ளைச் சுவரைப் பார்த்துக் கை நீட்டிப் பழகு. பிறகு உன் டார்கெட்டுகளை எடுத்துக்கொண்டு வா, பார்க்கலாம்.

உத்திரமேரூரிலிருந்து சென்னை சுமார் 90 கி.மீ. வாரம் ஒரு நாள் விடியற்காலை பஸ் பிடித்துப் போனான். மற்ற நாட்களில் மாலையில் தண்ணீர் நிரப்பிய பாட்டிலைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு மாடியில் நின்றான். தெருவில் போகிறவர்கள் சிரித்தார்கள். ஒவ்வொரு வாரமும் சுட்ட அட்டையில் தேதி போட்டு அடுக்கி வைத்தான்.

ஆறு மாசம் கழித்து அந்த அட்டைகளை மாமா திண்ணையில் பரப்பினார். ஆரம்பத்து அட்டைகளில் ஓட்டைகள் கீழே இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருந்தன. வலது கையால் சுடுகிறவர் ட்ரிக்கரை வெடுக்கென்று இழுத்தால் வருகிற அடையாளம் அது. எந்த நீளக் குழலும் அதைத் திருத்தாது. சொல்லப்போனால் சைட்டைச் சரியாகப் பார்த்துவிட்டு ட்ரிக்கரில் கோட்டை விடுகிறவனுக்கு, நீளக் குழலின் பெரிய சைட் இடைவெளி ஒரு பயனும் தராது. பிந்தைய அட்டைகளில் ஓட்டைகள் நடுவைச் சுற்றி வந்திருந்தன. ஆனால் மேலும் கீழுமாகப் பரவியிருந்தன. அதாவது விரல் தேறிவிட்டது. இனி மிச்சம் இருப்பது கையின் அசைவும் கண்ணின் கவனமும்.

“இப்ப சொல்லுடா, உனக்கு எது?”

“நீளமானதுதான் மாமா. கை தாங்குது. பிசகு கண்ணுல படணும். பட்டாத்தான் திருத்திக்க முடியும்.”

“போன வருஷமும் நீளமானதுன்னுதானே சொன்னே?”

“போன வருஷம் ஏன்னு தெரியாம சொன்னேன் மாமா.”

மாமா சிரித்துவிட்டார். ஒருவர் பயன்படுத்தி விற்கிற வழக்கமான நீளப் பிஸ்டலை, காற்று உருளையின் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்கச் சொன்னார். புதுசின் விலையில் பெரும் பகுதி மிச்சமாயிற்று. அம்மா அன்றைக்குத்தான் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்து, “இதுவா?” என்று கேட்டார்.

கடைசியாக

பிஸ்டல் வாங்க நினைக்கும் எவரும் கேட்கும் முதல் கேள்வி ‘எவ்வளவு நீளம்?’ என்பதாகவே இருக்கிறது. அது உண்மையில் ஐந்தாவது கேள்வி. எந்த ஆட்டம், அதன் பெட்டி எவ்வளவு, நாட்டின் சட்டம் எதை அனுமதிக்கிறது, சுடுகிறவனின் அட்டையில் ஓட்டைகள் எந்தப் பக்கம் விழுகின்றன என்று பார்த்துக்கொண்டே வந்தால், நீளம் தானாகவே ஓர் எண்ணில் வந்து நிற்கும். அமெரிக்காவில் ஐ.பி.எஸ்.சி. ஆடுகிறவருக்கு அது 120 மி.மீ. ஆக இருக்கலாம். ரேபிட் ஃபயர் ஆடுகிறவருக்கு 153-க்குள் ஒன்றாக இருக்கலாம். உத்திரமேரூர் மாணவனுக்கு அது கிளப்பில் இருந்த ஒரு பழைய ஏர் பிஸ்டலின் நீளமாக இருந்தது.

21 வயதானதும் .22-க்கு அப்ளிகேஷன் போடுவதாக இருக்கிறான். ரேபிட் ஃபயர் ஆசை போகவில்லை. அதற்கான பிஸ்டல் எத்தனை மி.மீ. என்று இப்போது யாராவது கேட்டால், உடனே பதில் சொல்வதில்லை. “இன்னும் சுட்டுப் பார்க்கலையே” என்கிறான்.